கத்தி படாத எலுமிச்சை

முதலில் ஒரு நுனிக் குச்சிதான். விரல் நீளம் இருக்கும். கிழக்கே நீண்டிருந்த கிளையின் கடைசியில் அது சாம்பல் நிறமாகிக் கிடந்தது. இலைகள் உதிர்ந்துவிட்டன. காம்புகள் மட்டும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தன, யாராவது வந்து கேட்டால் இங்கேதான் இருந்தோம் என்று காட்டுவதற்காக நிற்பவை போல. ஆவணி மாதம். காய் இறங்கி, மரம் சும்மா இருந்த நேரம். பார்த்தேன். பார்த்துவிட்டு மாட்டைப் பிடிக்கப் போய்விட்டேன். எதையும் நின்று பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. கால் ஒரு வரப்பில் இருந்தால் மனசு அடுத்த காட்டின் வேலியைத் தாண்டிக்கொண்டிருக்கும்.

மறுபடி பார்த்தபோது ஒரு சாண் காய்ந்திருந்தது. அதற்கு மறுபடி பார்த்தபோது பக்கத்துக் கிளையும்.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் தோட்டம். கடலைக்காயும் சோளமும் போடுகிற செம்மண். மாட்டைப் பூட்டித் தோல்பறியில் தண்ணீர் இறைக்கும் கவலைக் கிணறு ஒன்று. கிணற்றை ஒட்டி வீடு, வீட்டை ஒட்டிப் பாத்திரம் கழுவுகிற கல், கல்லை ஒட்டி அந்த எலுமிச்சை. அது என் மரம் அல்ல. என் மனைவியின் மரம். கல்யாணமாகி அவள் வந்த வருஷம், ஊறுகாய்க்குப் பிழிந்துபோட்ட விதையில் ஒன்று கல்லடியில் தானாக முளைத்தது. ஆடு கடிக்காதபடி அவள் வேலமுள் வெட்டிவரச் சொல்லிச் சுற்றிலும் கட்டினாள். பாத்திரம் கழுவின தண்ணீரெல்லாம் அதற்குத்தான்.

மரம் முழங்கால் உயரம் இருந்தபோது எங்கள் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. மரம் முதல் பூ வைத்த வருஷம் இரண்டாவது பிறந்தது, பிறந்து அழாமலே போயிற்று. பிறகு வெகுகாலம் ஒன்றுமில்லை. எனக்கு நாற்பது தாண்டியது. அவளுக்குக் காதோரம் ஒரு நரை வந்தது. மரம் மட்டும் வருஷம் தவறாமல் காய்த்தது. கோயிலுக்கு, பித்தத்துக்கு, மாட்டு வயிற்று உப்பசத்துக்கு என்று சுற்றுத்தோட்டத்துப் பெண்கள் வந்து நிற்பார்கள். யாரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. இரண்டு கேட்டால் நாலு கொடுப்பாள். மற்ற பெண்களெல்லாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது அவள் அந்த மரத்தைப் பற்றிப் பேசுவாள். அதைக் கேட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன். வேறென்ன செய்ய?

அந்த ஆவணியில் என் சகலை வந்தார். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், கெங்கவல்லிப் பக்கத்தில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர். எருது வாங்க வந்தவர், எருதை விட்டுவிட்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னா சகலை, மரத்தைக் கரட்டுல கெடக்குற மாதிரி வுட்டு வச்சிருக்கீங்க?"

"அதுபாட்டுக்குக் காய்க்குது."

"காய்க்கும். காய்க்காம என்னா பண்ணும்? தலை வாராத பொம்பளைகூடத்தான் புள்ளை பெத்துக்குறா."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்லில் என் மனைவி குண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை. சகலை இருமினார், துண்டை உதறினார், சட்டென்று மரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, அங்கிருந்தே எனக்கு எலுமிச்சை வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்.

"காய் எறங்குனப்பறம், மழை எறங்குறதுக்கு முன்னாடி. அது ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும் பாருங்க, அதுல பூந்துடணும். பூ இருக்கறப்ப தொடக்கூடாது. கோடையில தொடவே கூடாது. வெட்டுவாயில வெயிலு பூந்துச்சுன்னா தண்டு வெடிச்சிடும்."

கட்டைவிரல் நகத்தால் ஒரு கிளையைக் கீறிக் காட்டினார். தோலுக்கடியில் பழுப்பு. ஒரு சாண் கீழே கீறினார். பழுப்பு. இன்னும் ஒரு சாண் கீழே மெல்லிய பச்சை, ஈரப் பச்சை. "இங்கதான் உசிரு ஆரம்பிக்குது. இதுக்குங் கீழ தள்ளி, கெளை பிரியுற கவட்டை ஒட்டிச் சாய்வா வெட்டணும். மழைத்தண்ணி வெட்டுல நிக்கக்கூடாது. குச்சி மாதிரி மிச்சம் வுட்டீங்கன்னா அது வழியாவே சாவு எறங்கும்." அடித்தண்டிலிருந்து செங்குத்தாகக் கிளம்பியிருந்த முள் போத்துகளைத் தட்டினார். "இதுங்க பூக்காது, காய்க்காது. சோத்தை மட்டும் திங்கும். மொதல்ல இதுங்களைக் கழிக்கணும். அப்பறம் நடுவுல தெறந்து வுடுங்க. ஒரு குருவி, றெக்கையில முள்ளு படாம ஒரு பக்கம் பூந்து மறுபக்கம் போவணும். அம்புட்டுதான் கணக்கு. வெட்டுன எடத்துல சாணியும் களிமண்ணும் அப்பிடுங்க. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கெடைச்சா இன்னும் விசேஷம்."

இடுப்பிலிருந்து வளைந்த சின்னக் கத்தி ஒன்றை உருவி என் கையில் வைத்தார். பிடி தேய்ந்து மழமழவென்றிருந்தது. கிளம்பும்போது, வண்டியில் கால் வைத்துவிட்டு இறங்கி வந்து, காதருகில் ஒன்று சொன்னார்.

"நுனி காயுற மரம் திடீர்னு தாறுமாறா பூக்கும், காய்க்கும். பார்த்து ஏமாந்துடாதீங்க. அது இருக்கறதையெல்லாம் கொட்டிட்டுப் போற காய்ப்பு. அதுக்கு முன்னாடி வெட்டிப்புடுங்க."

எப்படி வெட்டுவதென்று ஒரு பகலில் தெரிந்துகொண்டேன். மறுநாள் விடிந்ததும் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டினேன். தடித்த கிளைகளுக்கு ஒரு கைரம்பம் இரவல் வாங்கி வைத்திருந்தேன். வானம் வெளிறிக் கிடந்தது. மேகம் ஒன்றுமில்லை. சகலை சொன்ன அந்தச் சந்து இதுதான் என்று எனக்கே தெரிந்தது. என்னைப் போன்ற நிலைகொள்ளாதவனுக்கும் வருஷத்தில் ஒரு நாள் காலும் மனசும் ஒரே இடத்தில் நிற்கும். முதல் போத்தை இடது கையால் பிடித்தேன்.

"ஏனுங்க. கத்தியக் கீழ வைங்க."

அவள் பின்னால் நின்றிருந்தாள். கையில் விளக்குமாறு.

"ஏம்புள்ள?"

"மரத்துல இரும்பு படக்கூடாதுங்க."

"ஏன், அமாவாசையா?"

"அமாவாசை இல்லீங்க."

"உங்க மாமன்தான சொல்லிப்போட்டுப் போனாரு? நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"கேட்டனுங்க. அவருக்குத் தெரியாதுங்களே." விளக்குமாற்றின் ஒரு ஈர்க்கை உருவி இரண்டாக ஒடித்தாள். "யாருக்குமே தெரியாதுங்க. நா முழுகி ரெண்டு மாசமாச்சுங்க."

கத்தி என் கையில் இருந்தது. போத்து என் இன்னொரு கையில் இருந்தது. முள் ஒன்று உள்ளங்கையில் ஏறியிருந்தது, அது பிறகுதான் வலித்தது. சந்தோஷம் வருகிற வழி எனக்குத் தெரிந்தவரை அப்படித்தான். ஒரு கையைத் திறந்துவிட்டு மற்றக் கையைக் கட்டிவிடும்.

எங்கள் பக்கத்தில் வாயும் வயிறுமாக இருக்கிறவளின் புருஷனுக்குச் சில விலக்குகள் உண்டு. தலைமுடி வெட்டக்கூடாது, முகம் மழிக்கக்கூடாது, பாம்பை அடிக்கக்கூடாது, பிணத்துக்குத் தோள் கொடுக்கக்கூடாது, காய்க்கிற மரத்தில் இரும்பு வைக்கக்கூடாது. மரத்தில் விழுகிற வெட்டு வயிற்றுப் பிள்ளையின் மேல் தழும்பாக விழும் என்பார்கள். தழும்போடு நிற்காது என்றும் சொல்வார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. முதல் தடவையும் நம்பாமல் மழித்துக்கொண்டேன். இரண்டாம் தடவையும் நம்பாமல் வாய்க்கால் ஓரத்துக் கொய்யாவை வெட்டினேன். அவள் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் வாதாடியிருப்பேன், ஒருவேளை ஜெயித்தும் இருப்பேன். அவள் சொல்லவில்லை. சொல்லாதவளிடம் எப்படி வாதாடுவது?

கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கூரை இறவாணத்தில் செருகினேன்.

ஆனால் கிழக்குக் கிளை காய்ந்துகொண்டே வந்தது. நான் வெட்டக்கூடாது, சரி. வேறொரு கை வெட்டினால் என்ன? எங்களிடம் கவலை ஓட்டுகிற ஆளைக் கூப்பிட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"எம் பொண்டாட்டியும் அப்படித்தானுங்க சாமி."

"போன மாசந்தானப்பா உனக்குப் பொறந்துச்சு?"

"அது போன மாசமுங்க."

"அதுக்குள்ளவா?"

"எப்ப எப்படின்னு யாருக்குங்க தெரியும்? எதுக்குங்க வம்பு?"

கல்யாணமே ஆகாத ஒருவனைப் பிடித்தேன். அவன், எனக்குக் கல்யாணம் ஆக வேண்டாங்களா என்று கேட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கடைசியில் என் மனைவியே முடித்து வைத்தாள். "யாரு கையானா என்னுங்க? மரம் நம்ம ஊட்டு மரந்தானுங்களே."

என் தாடி வளர்ந்தது. சந்தையில் பார்க்கிறவர்களெல்லாம் தாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, எத்தனாம் மாசம் என்று கேட்டார்கள். எங்களுக்கு முடி வெட்டுகிறவர் வழக்கம்போல் வருவார், வாசலில் பையை வைப்பார், பையைத் திறக்காமலே எடுத்துக்கொள்வார்.

"வாரேன், பாத்துப்போட்டுப் போறேன். உங்க மொகத்தையும் அந்த மரத்தையும் பாத்தா எங் கத்தி அழுவுதுங்க சாமி."

"அழட்டும்."

"அழுதா துருப்புடிக்குமுங்க. பொறவு உங்க தாடிக்கு நா கோடாலிதான் கொண்டாரணும்."

அவருடைய மனைவிதான் சுற்றுத்தோட்டங்களுக்கெல்லாம் மருத்துவச்சி. பிள்ளைப்பேறு பார்ப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அந்த அம்மாள் என் மனைவியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணை மூடித் திறந்து, "இருக்குதுங்க கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவ்வளவுதான் சொல்வாள். என் மனைவிக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அசையுதா என்று காலையில் கேட்பேன். கவலை ஓட்டிவிட்டு வந்து கேட்பேன். சோற்றுக்கு உட்காரும்போது கேட்பேன்.

"இப்படித் தட்டித்தட்டிக் கேட்டா அதும் பயந்துக்குமுங்க," என்பாள். "செத்த நேரம் உடுங்க."

விட முடியவில்லை. வயிற்றுக்குள் நடப்பதில் என் கைக்கு வேலை இல்லை. மரத்தில் வேலை இருந்தது, அதற்குக் கைக்கு உத்தரவு இல்லை. நான் நடந்தேன். கிணற்றைச் சுற்றி நடந்தேன், வரப்பில் நடந்தேன், மழைக்கு முன்னால் பறக்கிற ஈசல் போல எதிலும் உட்காராமல் திரிந்தேன். சுற்றிவந்து நிற்கும் இடம் மரத்தடியாகவே இருந்தது.

புரட்டாசியில் ஒரு யோசனை வந்தது. இரும்புதானே படக்கூடாது? காய்ந்ததைக் கையால் ஒடித்தால் அது வெட்டாகுமா? அவளிடம் கேட்டேன். அவள் ஒரு காய்ந்த குச்சியை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"காஞ்சது தானா உளுகறதுதானுங்களே. கையில ஒடிஞ்சு வந்தா ஒடிச்சுக்கலாமுங்க. இரும்பு மட்டும் வேண்டாம்."

அன்றைக்கு இரண்டு பேருமாக ஒடித்தோம். சிறு குச்சிகள் அப்பளம் போல முறிந்தன. அவள் கீழ்க் கிளைகளில் ஒடித்து மடியில் போட்டுக்கொண்டாள், அடுப்புக்கு ஆகும் என்று. முள் கீறி இருவர் கையிலும் ரத்தம். அவள் சிரித்தாள். வெகுகாலம் கழித்து அந்தச் சிரிப்பு. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கவட்டிலிருந்து கிளம்பியிருந்த தடித்த கிளை ஒன்று, மேலே முழுக்கக் காய்ந்தது. அதைப் பிடித்துத் தொங்கினேன். அது முறியவில்லை. கிழிந்தது.

ஈரத்துணியைக் கிழிக்கிற சத்தம். கிளை என் கையோடு வந்தது. கிளையோடு, தண்டின் பட்டை ஒரு கை அகலத்துக்கு, கவட்டிலிருந்து என் இடுப்பு உயரம் வரை உரிந்து வந்தது. உள்ளே மரம் வெளுப்பாக, ஈரமாக, பளபளவென்று இருந்தது. மேலேதான் காய்ந்திருந்தது, அடியில் உயிர் இருந்திருக்கிறது. எலுமிச்சை இலையைக் கசக்கினால் வரும் வாசனை அந்த இடம் முழுக்கப் பரவிற்று. கத்தியாக இருந்தால் சாய்வாக ஒரு வெட்டு, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு புண். அதோடு முடிந்திருக்கும்.

நான் திரும்பினேன். அவள் மடியிலிருந்த குச்சிகள் கீழே கிடந்தன. ஒரு கை வயிற்றின் மேல் போயிருந்தது. அந்தக் கை போனதை அவள் அறியவில்லை.

"பரவால்லீங்க," என்றாள். "உடுங்க."

மறுநாளே சேலத்துக்குப் போனேன். யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பின்னால் கரி அடுப்பு கட்டிய பஸ், மேட்டுக்கு மேடு நின்று, எங்களை இறக்கி, கரியைக் கிளறி, மறுபடி ஏற்றிக்கொண்டு போயிற்று. செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் என் தாடியை ஒரு பார்வை பார்த்தார்.

"மயில்துத்தம் எதுக்குங்க? ஆட்டுக் கால் புண்ணுக்கா?"

"மரத்துக்கு."

"மரத்துக்கா? மனுசன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிக்கறான், நீங்க மரத்துக்கு மருந்து வாங்கறீங்க." கட்டிக் கொடுத்துவிட்டு, பொட்டலத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே கேட்டார். "வூட்ல மொத புள்ளைங்களா?"

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மண்சட்டியில் கரைத்து, சுண்ணாம்பு கலந்து, தென்னை மட்டையை நைத்துச் செய்த தூரிகையால் அந்தப் புண்ணில் பூசினேன். தண்டு நீலமாயிற்று. மயிலு களுத்தாட்ட இருக்குதுங்க என்றாள் அவள். ஐப்பசி மழை வந்து அந்தக் கழுத்தைக் கழுவிக்கொண்டு போயிற்று. மறுபடி பூசினேன். மறுபடி கழுவிற்று. உரிந்த இடத்தின் ஓரங்கள் கறுத்தன. பிசின் சொட்டுச் சொட்டாகக் கட்டியது. கிழக்குப் பக்கம் இலையே இல்லை.

கார்த்திகையில் மரம் பூத்தது.

பூத்தது என்று சொன்னால் போதாது. பூக்கிற காலமே அல்ல அது. மேற்குப் பக்கம் மிச்சமிருந்த கிளைகளில் இலை தெரியாமல் வெள்ளை. கணுவுக்குக் கணு, முள்ளுக்கு முள் மொட்டு. காற்று நின்றாலும் வாசனை நிற்காது. வீட்டுக்குள், சோற்றில், என் தாடியில், அவள் சேலையில் எல்லாம் அந்த வாசனை. தேனீக்களின் இரைச்சல் கிணற்றுக்குள் எதிரொலித்தது. பூவெல்லாம் பிஞ்சாயிற்று. பிஞ்செல்லாம் நின்றது. ஒன்றுகூட உதிரவில்லை.

சுற்றுத்தோட்டத்துப் பெண்கள் வந்து மூக்கில் விரலை வைத்தார்கள்.

"ஏனக்கா, உங்க மரம் எந்தக் காலத்துல இப்படிக் காச்சுது?"

"ஊட்டுக்கு வார நேரம் பாருங்க," என்றாள் இன்னொருத்தி, என் மனைவியின் வயிற்றைக் கண்ணால் காட்டி. "மரமே சொல்லுதுங்களே."

அன்று என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக மடித்து வைத்த துணி ஒன்றை யாரோ பிரித்து வெயிலில் போட்ட மாதிரி இருந்தது. அவர்கள் போன பிறகு மரத்தடிக்குப் போய் நின்று, நிமிர்ந்து, ஒவ்வொரு கிளையாகப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இந்தாண்ட வந்து பாருங்க. நம்ம வெட்டாம உட்டது எத்தன நல்லதாப் போச்சு பாருங்க."

சகலை காதருகில் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். இருக்கறதையெல்லாம் கொட்டிட்டுப் போற காய்ப்பு. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே ஒரு தேனீ வட்டமடித்தது. சொல்லவா? சொன்னால் மரத்தைப் பற்றிய பேச்சாக மட்டும் அது அவள் காதில் விழுமா? எனக்கே அப்படி விழவில்லையே. தழும்பு, விலக்கு, இரும்பு எதையும் நம்பாத நான், அந்தப் பூவைப் பார்த்த நாளிலிருந்து பயந்தேன். மரம் கொட்டுகிறது, இவள் வயிறு வளர்கிறது, இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று கிணற்றைச் சுற்றிச் சுற்றி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சம்பந்தமில்லாததை எவன் இத்தனை தடவை சொல்வான்?

"ஆமா புள்ள," என்றேன். "நல்லதாத்தான் போச்சு."

தை, மாசி முழுக்கக் காய் விழுந்தது. சின்னக் காய். தோல் தடித்து, சாறு குறைந்து, சீக்கிரமே மஞ்சளானவை. அவளுக்கு வேறு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கஞ்சியில் அதைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்தாள். பாதியைத் தானமாகக் கொடுத்தாள். கூடை கூடையாக, கேட்காதவர்களுக்கும். நான் பறித்துக் கொடுத்தேன். பறிக்கப் பறிக்க, காய் இருந்த குச்சி காய் போனதும் காய்ந்தது. மாசி முடிவில் மேற்கே ஒரே ஒரு கிளையில் இலை இருந்தது.

பங்குனியில் ஒரு உச்சி வெயில் நேரம் அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்தாள். கதவு சாத்தப்பட்டது. நான் மரத்தடியில் நின்றேன். நிழல் இல்லை. நிழல் இருந்த மரம்தான் அது. உள்ளே அவள் குரல் வரும், நிற்கும், வரும். இந்தக் கதவுக்கு வெளியே நான் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். இரண்டாவது தடவை குரல் நின்று, அதன்பின் ஒன்றுமே கேட்காமல் போன அந்த நேரம் எனக்கு நினைவிருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தண்டில் வைத்தேன். உரிந்த இடம் சூடாக இருந்தது.

கதவு திறந்தது. மருத்துவச்சி தலையை நீட்டினாள். உள்ளே சத்தமில்லை.

"சாமி, கூரா ஒரு கத்தி குடுங்க. எங்கிட்ட இருக்கறது மளுங்கிக் கெடக்குது. எங்கூட்டுக்காரரு நல்லதையெல்லாம் தூக்கிக்கிட்டுச் சந்தைக்குப் போயிட்டாருங்க."

"என்னத்துக்கு?"

"கொடி அறுக்கோணுமுங்க. கேள்வி கேக்கற நேரமா இது? வெரசாக் குடுங்க."

இறவாணத்தில் கை விட்டேன். எண்ணெய்த் துணி அப்படியே இருந்தது. பிரித்தேன். அந்த ஆவணிக் காலையில் தீட்டிய கூர், எதிலும் படாமல், அப்படியே இருந்தது. கொதிக்கிற தண்ணீரில் அதை முக்கி எடுத்துக்கொண்டு அவள் கதவைச் சாத்தினாள்.

சத்தமில்லை.

சத்தமில்லை.

பிறகு உள்ளங்கையால் பளீரென்று ஒரு அடி விழுந்த சத்தம். அதன்பின் அழுகை. கோபமான, கரகரத்த அழுகை, தூங்கினவளை எழுப்பிவிட்டதைப் போல. நான் உட்கார்ந்துவிட்டேன். முள் குச்சிகளின் மேல் உட்கார்ந்தேன்.

பெண் குழந்தை. உடம்பில் ஒரு தழும்பும் இல்லை. மருத்துவச்சி கத்தியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் சந்தையிலிருந்து நேராக வந்து, என்னைப் பிடித்து உட்காரவைத்து, மழித்துத் தள்ளினார். கண்ணாடியில் இருந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. "உள்ள இருந்தது நீங்கதானுங்களா சாமி?" என்றார்.

தீட்டுக் கழிந்து என் மனைவி வெளியே வந்த அன்று சித்திரை வெயில் பிளந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தின் எதிரில் வந்து நின்றாள். அந்த ஒரு கிளையிலும் இப்போது இலை இல்லை. அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இப்ப வெட்டுங்க," என்றாள்.

"இப்பவா? கோடையில தொடவே கூடாதுன்னு உங்க மாமன் சொன்னாரே."

"அன்னிக்கு நா வேண்டாம்னேன். இன்னிக்கு நீங்க வேண்டாம்ங்கறீங்க. அதும் என்னதாங்க பண்ணும்?"

வெட்டினேன். முதலில் நகத்தால் கீறினேன். பழுப்பு. வெட்டினேன். கீழே கீறினேன். பழுப்பு. ரம்பம் போட்டேன். குருவி நுழைய வழி விடச் சொன்னார் சகலை. நான் வெட்ட வெட்ட, குருவிக்கு நுழைய ஒன்றுமே மிச்சமில்லாமல் போயிற்று. கவட்டில் பழுப்பு. இடுப்பு உயரத்தில் பழுப்பு. ஒவ்வொரு வெட்டுக்கும் அவளைப் பார்த்தேன். இன்னுங் கீழயா என்று அவள் கேட்கவில்லை, குழந்தையை மட்டும் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே, மேற்குப் பக்கம் மட்டும், விரல் அகலத்துக்கு ஒரு பச்சை. கண்ணை இடுக்கிப் பார்த்தால் பச்சை. அங்கே நிறுத்தினேன். சாய்வாக வெட்டினேன், சொன்னபடி. சாணியும் களிமண்ணும் அப்பினேன், சொன்னபடி. வெயில் நுழையாமல் பனையோலை கட்டினேன். அது யாரும் சொன்னதல்ல.

அன்று சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டினாள். அந்தக் கல்லில்தான். மஞ்சளும் எண்ணெயும் கலந்த தண்ணீர் ஓடிவந்து கட்டையின் அடியில் தேங்கி நின்றது. அடித்தண்டில் தண்ணீர் நிற்கக்கூடாது. அது நின்றுதான் வேர் அழுகிப் போயிருக்கும், அதனால்தான் நுனி காய்ந்திருக்கும் என்று எனக்குச் சில காலமாகவே சந்தேகம். மண்ணைக் கையால் கூட்டி ஒரு சின்னக் கரை கட்டினேன். மறுநாள் அவள் காலால் அதைத் தள்ளி வழி விட்டாள்.

"தண்ணி இல்லாம எப்படிங்க தளிர் உடும்?"

நான் சொல்லவில்லை. இந்தத் தடவையும்.

வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. ஓலையை விலக்கி, தினமும் நகத்தால் கீறிப் பார்ப்பேன். பச்சை இருக்கிற மாதிரி இருக்கும். மறுநாள் இல்லாத மாதிரி இருக்கும். ஒரு காலை அப்படிக் குனிந்திருந்தபோது, பின்னால் அவள் வந்து நின்றாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்து என் தலைமுடியைப் பற்றி இழுத்தது. நல்ல பிடி.

"கீறிக்கீறியே கொன்னு போடுவீங்களாட்ட இருக்குது. உடுங்க."

கட்டையைப் பார்த்தேன். அந்த ஒரு விரல் பச்சையில் என் நகம் படாத இடம் கொஞ்சமே இருந்தது. நகத்தை மடக்கிக்கொண்டேன். ஓலையை இழுத்து மூடினேன். குழந்தை என் முடியை விடவில்லை. அது விடும் வரைக்கும் அப்படியே குனிந்து நின்றேன்.